சந்தா பாக்கிக்காக யாரோட அடக்கத்தையும் நிறுத்தாதீங்க: நம்ம சபைக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய போதகர் ஐயாவுக்கும், செயலர் அண்ணன், பொருளாளர் அண்ணன், கமிட்டியில இருக்கற மத்த அண்ணன்மார் அக்காமார் எல்லாருக்கும் கர்த்தருடைய நாமத்துல ஸ்தோத்திரம்.

நடந்தது என்னன்னு நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணும்னு இல்ல, எல்லாரும் அங்கதான் இருந்தீங்க. ஐப்பசி அடைமழையில நம்ம சபை அக்கா ஒருத்தவங்க தவறிட்டாங்க. பேரு எழுதல, அவங்க மகன் இதப் படிப்பான். சனிக்கிழமை சாயங்காலம் உயிர் போச்சு, திருப்பூர் பனியன் கம்பெனியிலேந்து மகன் ராத்திரி பஸ் புடிச்சு விடியக்காலம் வந்து சேந்தான், வந்த கையோட கோயிலுக்குத்தான் வந்தான், ஆராதனை முடியட்டும் பேசிக்கலாம்னு சொன்னீங்க, அவனும் நனைஞ்ச சட்டையோட கடைசி பெஞ்சுல ஒக்காந்து நம்மளோட சேந்து "உம்முடைய ராஜ்யம் வருவதாக"ன்னு ஜெபிச்சான். ஆராதனை முடிஞ்சு, சபையார் கட்டற சந்தா நோட்டப் பொரட்டிட்டு, கொரோனா காலத்துலேந்து பாக்கி நிக்குது, கல்லறைக் கட்டணத்தோட சேத்துக் கட்டி ரசீது வாங்கு, அப்பறம்தான் குழி வெட்டச் சொல்லுவோம்னு பதில் சொன்னீங்க.

ஞாயித்துக்கிழமை அடகுக் கடை ஏது? அஞ்சு வட்டிக்கு ஒருத்தர்கிட்ட வாங்கி அவன் கொண்டாந்து கட்டறதுக்குள்ள இருட்டிடுச்சு. அதுவரைக்கும் துக்க மணி கூட அடிக்கல. அன்னிக்கு ராத்திரி கரண்டு போச்சு, ஐஸ் பெட்டி நின்னுபோச்சு, எதிர்த் தெரு பாய் வீட்டுலேந்து ஜெனரேட்டர் தூக்கிட்டு வந்து போட்டாங்க. திங்கக்கிழமை காலைல குழிக்குள்ள தண்ணி ஊறி நின்னுச்சு, பக்கெட்டால மொண்டு மொண்டு ஊத்திட்டுத்தான் பெட்டிய எறக்குனோம். அந்தத் தண்ணிய மொண்டது அவங்களோட நடவுக்குப் போற பொம்பளைங்க, அதுல பாதிப் பேரு நம்ம சபையே இல்ல.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. சந்தா பாக்கி இருக்குன்னு இனிமே நம்ம சபையில யாரோட அடக்கமும் ஒரு மணி நேரம் கூட நிக்கக் கூடாது.

சந்தாவே வேணாம்னு நான் சொல்ல வரல. ஐயாவோட சம்பளம் அதுலதான், கரண்டு பில்லு அதுலதான், எனக்கும் தெரியும். ஆனா அந்த அக்கா ஒண்ணுமே குடுக்கலைன்னு பேசினீங்களே, அதத்தான் என்னால தாங்க முடியல. பிடி அரிசிக் காணிக்கை வாங்கி அளக்கறது பெண்கள் சங்கத்துல நாங்கதான். ஒல வைக்கறதுக்கு முன்னாடி ஒரு பிடி தனியா எடுத்து வச்சு, ஞாயித்துக்கிழமை மஞ்சப்பையில கொண்டாந்து கொட்டுவாங்க. ரேஷன் அரிசிதான். நடவுக்கு மிஷின், அறுப்புக்கு மிஷின்னு வந்தப்பறம் அவங்களுக்கு வருஷத்துல எத்தன நாளு வேலை இருந்துச்சுன்னு வயக்காரங்களான உங்களுக்குத் தெரியாதா, நூறு நாள் வேலைக் காசும் நெனச்ச நேரத்துக்கா வருது, அப்பவும் அந்தப் பிடி அரிசி நிக்கல. அந்த அரிசிய வித்த காசு சபைக் கணக்குலதான் சேருது, யாரு கொண்டாந்தாங்கன்னு பேரு மட்டும் எந்த நோட்டுலயும் ஏறாது. பேரு ஏறுற நோட்டு சந்தா நோட்டு ஒண்ணுதான், அதப் பாத்துத்தான் தீர்ப்புச் சொன்னீங்க.

வருஷா வருஷம் ஜூலை 9 அன்னிக்கு வேன் புடிச்சுத் தரங்கம்பாடிக்குப் போறோம். 1706ல ஜெர்மனி மிஷனரி சீகன்பால்கு ஐயர் வந்து எறங்குன நாளுன்னு மாலை போடறோம், படம் புடிக்கறோம். அவரு கையால மொத மொத ஞானஸ்நானம் வாங்குனது யாரு? 1707ல, தரங்கம்பாடிய அப்ப ஆண்ட டேனிஷ்காரங்க வீட்டுல அடிமையா இருந்த 5 பேரு. நம்ம சபைங்களுக்கெல்லாம் அவங்கதான் மூத்தவங்க. அடுத்த வருஷம் அவர ஏன் ஜெயில்ல போட்டாங்கன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கோமா? முடிதிருத்துற ஒருத்தர் செத்துப்போயிட்டாரு, அவரு கடன் விவகாரம் விதவை தலையில வந்து விழுந்துச்சு, ஐயர் அந்த விதவைக்காகப் போயி பேசுனாரு, கவர்னருக்குக் கோவம், பகை முத்தி 4 மாசம் கோட்டையில அடைச்சு வச்சுட்டாங்க. ஏழை விதவையோட கடனுக்காக ஜெயிலுக்குப் போன மனுஷனோட பேரச் சொல்ற சபை நம்மது. அந்தச் சபையிலதான் ஒரு விதவையோட பாக்கிக்காக ஒடம்பு காத்துக் கெடந்துச்சு.

வேதத்துலேந்தும் ஒண்ணு சொல்றேன், நீங்க என்னை விட நல்லாத் தெரிஞ்சவங்க. அரிமத்தியா ஊர் யோசேப்பு யாரு? யூதரோட ஆலோசனைச் சங்கத்துல உறுப்பினர், உங்கள மாதிரி கமிட்டியில இருந்தவரு. மாற்கு 15ம் அதிகாரம் அவரப் பத்திச் சொல்றப்ப, தேவனுடைய ராஜ்யத்துக்குக் காத்துட்டு இருந்தவர்னு சொல்லுது. அப்படிக் காத்துட்டு இருந்த மனுஷன் செஞ்ச வேலை என்ன, பிலாத்துகிட்ட துணிஞ்சு போயி ஒரு ஒடம்பக் கேட்டு வாங்கி, பொழுது சாயறதுக்குள்ள தன் சொந்தக் கல்லறையில கொண்டு போயி வச்சாரு. நம்ம ஆண்டவரே அடுத்தவர் கல்லறையிலதாங்க கெடந்தாரு. ராஜ்யம் வருவதாகன்னு வாரா வாரம் கேக்கற நாம, நம்ம கையில இருக்கற ஆறடி மண்ண எப்படிக் குடுக்கறோம்னு கர்த்தர் பாக்க மாட்டாரா?

உங்கள்ல பல பேரு விவசாயிங்க. அரசாங்கம் நெல்லு வாங்கற டிபிசி வாசல்ல நெல்லக் குவிச்சுட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்குன்னு எடுக்க மாட்டேங்கறாங்க, மேல மழை கொட்டுதுன்னு தார்ப்பாயப் புடிச்சுட்டு ராத்திரி பூரா நின்னிருக்கீங்க, அந்த அதிகாரிய என்ன பேச்சுப் பேசுனீங்க, அதே மாதிரித்தான் அந்தப் பையன் நம்ம ஆபீஸ் ரூம் வாசல்ல நின்னான். இன்னொண்ணும் கேக்கணும். டிபிசி பணம் ஏறட்டும்னு களையெடுத்தவங்க கூலிய வாரக் கணக்குல இழுக்கறது நம்ம சபைக்காரங்க வயல்லயும் நடக்குது. பொழுது சாயறதுக்குள்ள கூலியக் குடுத்துடுன்னு உபாகமத்துல இருக்கே. கூலியில அரைப்படி நெல்லு கூடுதலாக் கேட்டதுக்காக 44 உயிரக் கொளுத்துன கீழ்வெண்மணி இதே டெல்டாவுலதான் இருக்கு, அது நடந்தது 1968ல கிறிஸ்மஸ் ராத்திரி. கூலின்னா இந்த மண்ணுல லேசான விஷயம் இல்ல. கூலிய இழுக்கறதும் நாம, சந்தா பாக்கின்னு நோட்டுல எழுதறதும் நாம, அப்ப அந்தப் பாக்கி உண்மையில யாரோட பாக்கி?

கூலிப் பேச்சு ஒரு நாள்ல தீராது, அதுக்குத் தனியா ஒரு கூட்டம் போடுங்க, நானும் வர்றேன். இப்ப தயவுசெஞ்சு செய்ய வேண்டியது சின்ன வேலைதான். அடுத்த கமிட்டிக் கூட்டத்துல, சந்தா பாக்கிக்காக எந்த அடக்கமும் நிக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டு மினிட்ஸ்ல எழுதுங்க. முடியாதவங்களுக்குக் கல்லறைக் கட்டணத்த அறுப்பின் பண்டிகையில காணிக்கைப் பொருள ஏலம் விட்ட பணத்துலேந்து எடுத்துக்கலாம், பெண்கள் சங்கத்துலேந்து எங்களால ஆனதப் போடறோம். சாவுச் சேதி வந்த ஒடனே மணி அடிக்கணும், நோட்டு அப்பறம். இத ஞாயித்துக்கிழமை அறிவிப்புல எல்லாருக்கும் கேக்கற மாதிரி வாசிங்க.

அந்தப் பையன் கட்டுன பணத்தையும் திருப்பிக் குடுத்துடுங்க ஐயா. அஞ்சு வட்டி ஓடிட்டு இருக்கு. கிறிஸ்மஸுக்கு அவன் ஊருக்கு வர்றான், பொருளாளர் அண்ணனே அவன் வீட்டுக்குப் போயி கையில குடுத்தா நல்லது.

இப்படிக்கு,
பெண்கள் சங்கத்துல பிடி அரிசி அளக்கற உங்கள் சகோதரி