நம்ம செட்டு விழாக் குழுவுக்கு: ஜூலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம்

விருதுநகரில் 1992ல் பத்தாம் வகுப்பு முடித்த நம்ம செட்டின் விழாக் குழுத் தோழிகளுக்கு,

போன வாரம் தெப்பக்குளத்துப் படம் ஒன்றை ஒருத்தி குரூப்பில் போட்டாள். அன்றைக்கு ராத்திரி யாரும் தூங்கவில்லை. பஜாரில் எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை இருந்தது என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனோம். வளையல் கடை, அதை ஒட்டி நாட்டு மருந்துக் கடை, கருப்பட்டிச் சீரணி போடுகிற கடை, பங்குனிப் பொங்கலுக்கு முன்னால் நாம் ரிப்பன் வாங்க முண்டியடித்த அந்தக் குறுகலான ஃபேன்ஸி ஸ்டோர். எண்ணெய் புரோட்டாக் கடையைப் பற்றி மட்டும் ஐம்பது மெசேஜ் இருக்கும். படித்துக்கொண்டே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதே குரூப்பில் மறுநாள் காலையில் உங்கள் அறிவிப்பு வந்தது. ஜூலை 15, காமராஜர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள் அன்று நம்ம பள்ளிக்கூடத்தில் விழா; பிளஸ் டூ முடித்த 20 பிள்ளைகளுக்கு மேடையில் வைத்து ஆளுக்கு 5,000 ரூபாய்; பிளக்ஸ், பொன்னாடை, மதியச் சாப்பாடு, எல்லோரும் ஒரே நிறத்தில் சேலை. உங்கள் உழைப்பு எனக்குத் தெரியும், யாருக்கும் இதில் சொந்த லாபம் கிடையாது என்றும் தெரியும். ஆனாலும் இந்த மடலை எழுதாமல் இருக்க முடியவில்லை. போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் எழுத்தில் தருகிறேன்.

அந்தக் கடை வரிசையில் ஒரு கடையை யாருமே சொல்லவில்லை. பழைய பாடப்புத்தகம் பாதி விலைக்கு விற்ற நோட்டுக் கடை. வாசலில் சணல் கயிற்றில் ஜாமெட்ரி பாக்ஸ் தொங்கும். எங்க அப்பா மிளகாய் வத்தல் கிட்டங்கியில் மூட்டை தூக்கினார், உங்களில் பலருக்குத் தெரியும், வீட்டுக்குள் அவர் நுழைந்ததும் எல்லோருக்கும் தும்மல் வரும். சீசன் இல்லாத மாதங்களில் கூலி கிடையாது. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம் எப்போதும் அப்படி ஒரு மாதமாகத்தான் வந்து விழும். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போவார். அண்ணாச்சி பற்று நோட்டை எடுத்து எழுதிக்கொள்வார், எப்போது தருவீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஒன்பதாம் வகுப்பில்தான் நான் அதைக் கவனித்தேன். பழைய புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன்னால் அவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, முன்பு படித்தவள் பென்சிலில் எழுதி வைத்த விடைகளை ஒவ்வொரு பக்கமாக அழிப்பார். ரப்பர் தூளை வாயால் ஊதுவார். அப்புறம் முதல் பக்கத்தில் இருக்கிற பழைய பெயருக்கு மேலே ஒரு புது லேபிளை ஒட்டி, விளிம்பெல்லாம் பசை தடவி, விரலால் அழுத்தித் தேய்ப்பார். காக்கி அட்டை போட்டு என் கையில் தரும்போது அது என் புத்தகம்தான். வகுப்பில் யாரும் அதைத் திருப்பிப் பார்த்து இன்னாருடையது என்று சொல்ல முடியாது.

அதே வருஷம் ஒரு சங்கத்தார் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஏழைப் பிள்ளைகளுக்கு யூனிபார்ம் துணி கொடுத்தார்கள். மைக்கில் என் பெயரைச் சொல்லி, அப்பா பெயரைச் சொல்லி, அவர் என்ன வேலை செய்கிறார் என்றும் சொன்னார்கள். ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார் என்றார்கள். அந்தத் துணியைத் தைத்துப் போட்டுக்கொண்டு போன முதல் நாள், பக்கத்தில் உட்கார்ந்தவள் கையைத் தொட்டுப் பார்த்து, "இது அன்னைக்குக் கொடுத்ததா?" என்று கேட்டாள். அவள் மனசில் ஒன்றும் இல்லை, சும்மாதான் கேட்டாள், இன்றைக்கும் எனக்கு அவள் நல்ல தோழி. ஆனால் அந்தச் சட்டையை நான் அந்த வருஷம் முழுவதும் போட்டுக்கொண்டு போக வேண்டியிருந்தது. வேறு சட்டை இல்லை.

மேடை வேண்டாம் என்று நான் கேட்பது இதனால்தான். 20 பெண் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துக் கவர் கொடுத்துப் படம் எடுத்தால், அந்தப் படம் குரூப்பில் இருக்கிற நம்ம 41 பேர் போனிலும் இருக்கும், நம்ம வீட்டுக்காரர்கள் போனிலும் இருக்கும், பேஸ்புக்கில் என்றைக்கும் இருக்கும். 17 வயசுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய பாரம் என்பது வாங்கினவளுக்குத்தான் தெரியும். விழா நடக்கட்டும், நாமெல்லாம் கூடுவோம், ஒரே நிறச் சேலையும் கட்டுவோம், ஆசிரியைகளுக்குப் பொன்னாடை போடுவோம். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பணம் மட்டும் அந்த மேடைக்கு வர வேண்டாம்.

இரண்டாவது, தேதி. பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வந்துவிடுகிறது. கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடுவதும் அட்வான்ஸ் கட்டுவதும் மே, ஜூனிலேயே நடந்துவிடும். ஜூலை 15க்கு நாம் கவரோடு போய் நிற்கும்போது, பணம் இல்லாத பிள்ளை ஏற்கெனவே ஒரு துணிக்கடையிலோ பட்டாசு ஆலையிலோ வேலைக்குச் சேர்ந்திருப்பாள். சேர்ந்து முதல் சம்பளம் வாங்கினவளைத் திரும்பக் கல்லூரிக்குக் கொண்டுவருவது லேசான காரியமா, நம்ம செட்டிலேயே பத்தாவதோடு நின்றவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். காமராஜரே வீட்டுச் சூழ்நிலையால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மாமாவின் துணிக்கடையில் போய் உட்கார்ந்தவர்தானே. அவர் பிறந்தநாளில் கொடுக்க வேண்டும் என்கிற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் தேவை மே மாதத்தில் இருக்கிறது.

மூன்றாவது, எதற்குக் கொடுக்கிறோம் என்பது. நம்ம காலத்தில் இல்லாத பல விஷயங்கள் இப்போது இருக்கின்றன. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டுக் கல்லூரி போகிற பெண்ணுக்கு, 2022 செப்டம்பர் 5ல் தொடங்கின புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே வருகிறது. முன்பு தாலிக்குத் தங்கம் என்று கல்யாணத்துக்குக் கொடுத்த திட்டத்தைத்தான் இப்படிப் படிப்புக்கு மாற்றினார்கள், எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். இன்ஜினியரிங், மருத்துவம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. சரி, அப்படியானால் பணம் எங்கே இடிக்கிறது? கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அந்த 1,000 ரூபாய். சேர்வதற்கு முன்னால் விண்ணப்பக் கட்டணம், சான்றிதழ் வாங்க அலைகிற செலவு, ஹாஸ்டல் அட்வான்ஸ், மாற்றிப் போட நாலு சுடிதார், ஒரு நல்ல செருப்பு. சேர்ந்த பிறகு பஸ். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆனால் மதுரைக்குப் போகிற பஸ் டவுன் பஸ் இல்லையே. தினமும் போய் வருகிற பிள்ளைக்கு அந்த 1,000 ரூபாய் பஸ்ஸுக்கே காணாது. நம்ம பணம் இந்த இடைவெளிக்குப் போகட்டும்.

20 பேருக்கு ஒரே ஒரு தடவை 5,000 கொடுப்பதைவிட, வருஷத்துக்கு நாலு பேரை எடுத்து அவர்கள் டிகிரி முடிக்கிற வரைக்கும், அதாவது மூன்று வருஷமும் கூடவே இருப்போம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 41 பேரில் 25 பேர் மாதம் 500 ரூபாயும், மீதி 16 பேர் மாதம் 100 ரூபாயும் தந்தால் மாதம் 14,100, வருஷத்துக்கு 1,69,200. மூன்றாவது வருஷம் நம்ம கையில் 12 பிள்ளைகள் இருப்பார்கள், அப்போதும் ஆளுக்கு வருஷம் 14,100 தர முடியும். முதல் இரண்டு வருஷம் மிஞ்சுவதைச் சேர்த்து வைத்தால் அவசரத்துக்கு ஆகும்.

100 ரூபாய் என்று நான் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. நம்மில் சிலருக்குச் சொந்தச் சம்பளம் கிடையாது, வீட்டில் கேட்டு வாங்க வேண்டும், அதனால் குரூப்பில் நன்கொடைப் பேச்சு வந்ததும் அமைதியாகிவிடுகிறார்கள். 10,000 தந்தவர்கள் பட்டியலை நீங்கள் பெயரோடு போட்டதும் இரண்டு பேர் குரூப்பை விட்டே போய்விட்டார்கள், கவனித்தீர்களா? நம்ம ஊரில் பள்ளிக்கூடம் நடந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வியாபாரிகள் விற்கிற சரக்குக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்தார்கள். பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டார்கள். காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலா பள்ளிக்கு அந்தப் பிடி அரிசிதான் கைகொடுத்தது. எந்த வீட்டுப் பிடி பெரிய பிடி என்று யாரும் அதில் பெயர் எழுதி வைக்கவில்லை. எழுதவும் முடியாது, எல்லாம் ஒரே சாக்கில் கலந்துவிடும். மகமை ஒரு சமுதாயத்துக்குள் தொடங்கின ஏற்பாடு. நம்ம வகுப்பில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருந்தோம், அதனால் நம்ம நிதி எந்தப் பிள்ளையின் சாதியையும் கேட்கக் கூடாது. இதை முதல் வரியாகவே எழுதி வையுங்கள்.

பணம் கொடுக்க முடியாதவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. நம்ம செட்டில் மூன்று பேர் ஆசிரியைகள். எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்று ஒரு தேர்வு நடக்கிறது. பெற்றோர் வருமானம் வருஷம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகாத அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை வருஷம் 12,000, நாலு வருஷத்துக்கு 48,000 ரூபாய் மத்திய அரசு தருகிறது. சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் மனத்திறன் பகுதிக்குப் பயிற்சி கொடுத்து பத்துப் பிள்ளைகளைத் தேர்வாக வைத்துவிட்டால், நாலு வருஷத்தில் 4,80,000 ரூபாய் அந்த வீடுகளுக்குப் போய்ச் சேரும். இதற்கு ஒரு சாக்பீஸ் டப்பா போதும்.

கணக்கு வழக்கில் ஒரே ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டில் இருக்கிற நம்ம தோழிகள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் தங்கள் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பலாம், சிக்கல் இல்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்களின் பணம் வெளிநாட்டு நிதி என்று கணக்கில் வரும், அதை வாங்க எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டை இருந்தாலும் இதே விதிதான். ஆசையாகத் தருகிறார்களே என்று வாங்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு ஆடிட்டரிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, தனியாக ஒரு வங்கிக் கணக்கு திறந்து, யாராவது இரண்டு பேர் கையெழுத்துப் போடுகிற மாதிரி வையுங்கள். யாரோ ஒருத்தியின் ஜிபே எண்ணில் எல்லாப் பணமும் வந்து விழுவது அவளுக்கே நல்லதில்லை.

பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும்போது மார்க்கை மட்டும் பார்க்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 580 எடுத்த பிள்ளையைத் தேடிப் பத்துப் பேர் வருவார்கள். 380 எடுத்துவிட்டு, அம்மாவோடு தீப்பெட்டி ஆலைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டு இருக்கிற பிள்ளையை வகுப்பு ஆசிரியைக்குத்தான் தெரியும். அவரிடம் தனியாகக் கேளுங்கள். அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு இரண்டு பேர் மட்டும் போங்கள், நம்ம ஊர்க்காரர்கள் வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள், அவள் எழுதின விண்ணப்பத்தைச் சரிபார்த்துக் கொடுங்கள், பணத்தை நேராக அவள் கணக்கில் போடுங்கள். குரூப்பில் அவள் பெயர் வர வேண்டாம். முதல் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்று எண் போட்டுக் கணக்குச் சொன்னால் எங்களுக்குப் போதும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை குழு கூடுகிறது என்று போட்டிருந்தீர்கள். இந்த மடலை அங்கே சத்தமாகப் படியுங்கள், ஒத்துவராததை ஒத்துவராது என்றே சொல்லுங்கள். என் பங்கு மாதம் 500, கணக்கு திறந்த அன்றைக்கே போட்டுவிடுகிறேன். வீட்டுக்குப் போகிற இரண்டு பேரில் ஒருத்தியாக என்னை எழுதிக்கொள்ளுங்கள், ரிசல்ட் வருகிற வாரம் நான் ஊருக்கு வந்துவிடுவேன். அப்புறம், அந்த நோட்டுக் கடை அண்ணாச்சியின் குடும்பம் இப்போது எங்கே இருக்கிறது என்று யாருக்காவது தெரிந்தால் எனக்குத் தனியாக ஒரு மெசேஜ் போடுங்கள். கடை இருந்த இடத்தில் போய்க் கேட்டேன், அங்கே இப்போது செல்போன் கடை வைத்திருக்கிற பையனுக்கு அவரைத் தெரியவில்லை.

அன்புடன்,
மூன்றாவது பெஞ்சில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவள்