பைதான் அரியர்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பிளஸ் டூ கணக்கில் அவ்வளவு மார்க் எடுத்தவள் பைதான் புரோகிராமிங்கில் எப்படி அரியர் வைப்பாள் என்று உன் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பாலிடெக்னிக்கில் இதே பாடத்தை நடத்துகிற எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. 2007இல் பல நாட்டுக் கல்லூரிகளில் விசாரித்தபோது, முதல் புரோகிராமிங் பாடத்தில் மூன்றில் ஒருவர் தேறவில்லை என்று தெரிந்தது. சிலருக்குப் பிறவியிலேயே இது வராது என்று 2006இல் இங்கிலாந்தில் இரண்டு பேர் எழுதினார்கள். அதில் ஒருவரே 2014இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதனால் அந்தப் பேச்சை விடு.

இதற்கு விடை சொல். அ = 5. அடுத்த வரி, ஆ = அ. அதற்கடுத்தது, அ = 8. இப்போது ஆ எவ்வளவு? (தமிழ் எழுத்தில் எழுதினாலும் பைதான் 3 ஏற்றுக்கொள்ளும்!) என் வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளே 8 என்பார்கள். கணக்கில் சமம் என்றால் எப்போதும் சமம்தானே. இங்கே அது "வலப்பக்க மதிப்பை இடப்பக்கப் பெயருக்குக் கொடு" என்கிற, அந்த நேரத்தில் ஒரே ஒரு தடவை நடக்கிற வேலை, அவ்வளவுதான். பிறகு அ மாறினாலும் ஆ 5தான். இது பிடிபடாமல், ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிற லூப்புக்குப் போனால் எல்லாமே மந்திரமாகத்தான் தெரியும்.

அரியர் பரீட்சையை மறுபடி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பகா எண், பிபனாச்சி, பேலின்ட்ரோம் என்று அதே புரோகிராம்களை இன்னொரு தடவை மனப்பாடம் செய்கிறார்கள். கேள்வியில் ஒரு எண்ணை மாற்றினால் போச்சு. சிலர் அப்படியும் பாஸாகி, அடுத்து வரும் டேட்டா ஸ்ட்ரக்சர் பாடத்தில் போய் மாட்டிக்கொள்வார்கள்.

நீ புரோகிராம் எழுதுவதற்கு முன்னால் அதைப் படிக்கப் பழகு. ஒரு லூப்பை எடுத்து, கம்ப்யூட்டரைத் தொடாமல், ஒவ்வொரு சுற்றிலும் எந்த வேரியபிளில் (அ, ஆ மாதிரிப் பெயரில்) என்ன இருக்கிறது என்று பேப்பரில் கட்டம் போட்டு எழுது. ரேஞ்ச்(1, 5) என்றால் 1இலிருந்து எண்ணி, 5க்குப் போகாமல் 4உடன் நின்றுவிடும் என்பதெல்லாம் அப்போதுதான் கைக்கு வரும். எழுதி முடித்த பிறகு ரன் பண்ணிப் பார். விடை எங்கே வேறாகிறதோ, அந்த வரியில்தான் உன் சந்தேகம் இருக்கிறது. லேபில் பக்கத்து சீட்டைப் பார்த்து அடித்த ரெக்கார்டு இதற்கு உதவாது.

அப்புறம், அரியர் பீஸ் கட்டக் கடைசித் தேதி எது? பணம் அனுப்புகிறேன். கேள்வித்தாளையும் போட்டோ எடுத்து அனுப்பு.

அப்பா