நம்ம சோசியல் சார பத்தி, பெற்றோருக்கு ஒரு லெட்டர்

அன்புள்ள அப்பா அம்மாக்களுக்கு (வீட்ல படிச்சு சொல்ற தாத்தா பாட்டிக்கும் சேத்து தான்), வணக்கம்.

நம்ம சோசியல் சார் தவறிட்ட செய்தி எல்லா கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்லயும் வந்துச்சு, நெறைய பேரு வேலைய விட்டுட்டு பெரம்பூர் வீட்டுக்கே வந்து நின்னீங்க, சாரோட அக்கா உங்க எல்லாருக்கும் நன்றி சொல்லச் சொன்னாங்க. "அன்னாரது மறைவு ஈடு செய்ய இயலாத"ன்னு முறையா ஆரம்பிச்சு பாத்தேன், அந்த மனுஷனுக்கு அது ஒட்டவே இல்ல, அதனால பேசுற மாதிரியே எழுதறேன், கோச்சுக்காதீங்க.

அவருக்கு ரெண்டு பைத்தியம், ஒண்ணு நாடகம், இன்னொண்ணு ஊர் சுத்தறது. வாலிப வயசுலேந்து கூத்துப்பட்டறை நாடகம் எங்க நடந்தாலும் போயி உக்காந்துடுவாராம், 1977ல ந. முத்துசாமி ஆரம்பிச்ச நாடகக் குழு அது, நம்ம ஊர்ல சினிமா தவிர வேற நடிப்பும் இருக்குன்னு தனக்கு காட்டினதே அந்த ஆளுங்க தான்னு சொல்லுவாரு. லீவு விட்டா ஸ்லீப்பர் கிளாஸ் டிக்கெட், ஒரு ஜோல்னா பை, அவ்ளோதான். எந்த ஊருக்கு போனாலும் பஸ் டிக்கெட்ட கிழிக்காம கொண்டு வந்து லாங் சைஸ் நோட்டுல ஒட்டி வெச்சிருப்பாரு, மேப் பாடம் நடத்தறப்போ அட்லஸுக்கு முன்னாடி அந்த நோட்டு தான் வெளிய வரும்.

வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகம் ஞாபகம் இருக்கா? புக்ல பாத்தா கொஞ்சூண்டு தான் இருக்கும். 1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி தலைமையில ஏறக்குறைய 100 பேரு திருச்சியிலேந்து கெளம்பி, 240 கிலோமீட்டர் கிட்ட நடந்து, மாசக் கடைசியில வேதாரண்யம் போயி உப்பு அள்ளினாங்க. சார் ஒரு மே மாச லீவுல அந்த வழியிலயே தஞ்சாவூர், கும்பகோணம், திருத்துறைப்பூண்டின்னு டவுன் பஸ் மாத்தி மாத்தி போயிட்டு வந்தாரு, அந்த வெயில்ல. வந்து என்ன பண்ணாருன்னா, பத்தாங்கிளாஸ் பசங்கள புக்க மூடச் சொல்லிட்டு கிரவுண்டுக்கு கூட்டிட்டு போயிட்டாரு. கேட் தான் திருச்சி, சைக்கிள் ஸ்டாண்ட் தஞ்சாவூர், தண்ணி டேங்க் வேதாரண்யம். அப்போ தஞ்சாவூர் கலெக்டரா இருந்த தார்ன், நடந்து போறவங்களுக்கு யாராச்சும் சோறு போட்டா, தங்க எடம் குடுத்தா தண்டனைன்னு உத்தரவு போட்டிருந்தான், ஆனா ஊர்க்காரங்க சும்மா இருக்கல, சோத்துப் பொட்டலத்த ரோட்டோர மரக்கிளையில கட்டி தொங்க விட்டுட்டு போயிட்டாங்க. இத நம்ம பசங்க வேப்பமரத்துல டிபன் பாக்ஸ கயித்துல கட்டி செஞ்சாங்க. கலெக்டரா நடிச்ச பையன் லத்திக்கு பதிலா ஸ்கேல வெச்சிட்டு மரத்தடியில "யார்ரா குடுத்தது"ன்னு கத்தறான், மொத்த கிளாஸும் மேல பாத்துட்டு கம்முனு நிக்குது, சமையல் பண்ற அக்கா வந்து "மரத்துல எதுக்கு டப்பா"ன்னு கேக்க, அவங்களையும் ஊர்க்காரங்க கூட்டத்துல சேத்துட்டாரு சார். அந்த வருஷம் காலாண்டு பேப்பர்ல அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பசங்க அடிஷனல் ஷீட் கேட்டாங்க.

குறை இல்லாத மனுஷன்னு சொல்ல மாட்டேன். எமிஸ்ல (கல்வித் துறையோட ஆன்லைன் பதிவு) அட்டென்டன்ஸ் போட தெனமும் நான் ஆள் அனுப்பணும். நோட்ஸ் ஆஃப் லெசன் எழுதவே மாட்டாரு, கேட்டா டிராமா ஸ்கிரிப்ட காட்டுவாரு.

ஒரு அம்மா ஒரு தடவ என் ரூமுக்கு கோவமா வந்தாங்க. ஆண்டு விழாவுல கர்ண மோட்சக் கூத்து, அவங்க பொண்ணு கிளாஸ்லயே ஃபர்ஸ்ட், அவளுக்கு போயி திரை பிடிக்கிற வேலையான்னு. சார கூப்பிட்டேன். அவரு என் டேபிள் மேல இருந்த துணிய உருவி ஒரு முனைய அந்த அம்மா கையில குடுத்துட்டு, இன்னொரு முனைய என்ன பிடிக்கச் சொன்னாரு. தெருக்கூத்துல வேஷக்காரன் பொசுக்குனு வந்து நிக்க மாட்டான், ரெண்டு பேரு திரைய பிடிச்சிருப்பாங்க, அதுக்குப் பின்னாடியே நின்னு பாடி, மொதல்ல கால் சலங்க, அப்புறம் கிரீடம்னு கொஞ்சம் கொஞ்சமா காட்டி, ஜனங்க தவிச்சு போன நேரத்துல தான் திரை விலகணும், ஒரு நொடி முன்னாடி எடுத்துட்டீங்கன்னா கர்ணன் போச்சும்மா, தாளம் தெரிஞ்ச பிள்ள தான் அதுக்கு வேணும்னாரு. டேபிள் துணிக்குப் பின்னாடி நின்னு நாலு வரி பாடியும் காட்டினாரு. அந்த அம்மா சிரிச்சிட்டாங்க. விழா அன்னிக்கு மொத வரிசையில உக்காந்து, கர்ணன விட்டுட்டு திரையவே வீடியோ எடுத்தாங்க.

எக்மோர் மியூசியம் தியேட்டருக்கும் பசங்கள கூட்டிட்டு போவாரு. 1896ல கட்டினது, மைக் எல்லாம் வர்றதுக்கு முன்னாடி. அவரு போயி கடைசி ரோல உக்காந்துக்குவாரு, மேடையில நிக்கிற பிள்ள பேசறது அங்க கேக்கணும், கேக்கலன்னா கத்தச் சொல்ல மாட்டாரு, வார்த்தைய முழுசா முடின்னு தான் சொல்லுவாரு. ஓரல் டெஸ்ட்ல நம்ம பிள்ளைங்க முணுமுணுக்காம பதில் சொல்றதுக்கு இதான் காரணம்னு நான் நெனைக்கிறேன், மத்த டீச்சர்ஸ் என்ன நெனைக்கிறாங்களோ.

இப்ப விஷயத்துக்கு வரேன். வெள்ளிக்கிழமை கடைசி ரெண்டு பீரியடு இனிமே மேத்ஸ் ஸ்பெஷல் கிளாஸா மாத்திடலாமான்னு சில பேரு மெசேஜ் அனுப்பிருக்கீங்க. மாத்தப் போறதில்ல. அது டிராமா பீரியடாவே இருக்கும், தமிழ் மிஸ் பாத்துப்பாங்க, மேத்ஸுக்கு காலைல எட்டு மணிக்கு தனியா கிளாஸ் வெக்கிறோம், பிள்ளைங்கள கொஞ்சம் சீக்கிரம் எழுப்பி விடுங்க.

வர்ற சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு ஹால்ல சாருக்காக ஒரு கூட்டம். மாலை, போக்கே எதுவும் வேணாம்னு அவங்க அக்கா சொல்லிட்டாங்க. குடுக்கணும்னு தோணிச்சுன்னா பழைய பட்டுப் புடவை, ஜரிகை வேட்டி, உடைஞ்ச கவரிங் நகை, கண்ணாடித் துண்டு இருந்தா குடுங்க (கண்ணாடிய பேப்பர்ல சுத்தி குடுங்க), காஸ்ட்யூம் பெட்டி காலியா கெடக்கு.

அப்புறம் செய்யாறு பக்கத்துல புரிசைக்கு எட்டாம், ஒம்போதாம் கிளாஸ கூட்டிட்டு போறதுக்கு சார் பஸ் வரைக்கும் பேசி வெச்சிருந்தாரு, தெருக்கூத்து கலைஞர் கண்ணப்ப தம்பிரான் பரம்பரையில கூத்து கத்துக்குடுக்கற ஊரு அது. அந்த ட்ரிப் கேன்சல் இல்ல. காலைல கெளம்பி பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடுவோம், ரெண்டு லேடி டீச்சர் கூட வராங்க, சாப்பாடு ஸ்கூல் பொறுப்பு. கன்சென்ட் ஃபார்ம்ல கையெழுத்து போட்டு புதன்கிழமைக்குள்ள கிளாஸ் டீச்சர் கிட்ட குடுத்து விடுங்க, பஸ்ல வாந்தி எடுக்கற பிள்ளைனா ஃபார்ம்லயே எழுதிடுங்க, முன் சீட்டு போடறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை