வானொலி நேயர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மன்றத்தின் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற தை தொடங்கி இந்த மார்கழி வரை நம் மன்றத்தில் நடந்தவற்றைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இந்த ஆண்டு நாம் ஒரு மூத்த உறுப்பினரை இழந்தோம். வாரம் தவறாமல் நேயர் விருப்பத்துக்குத் தபால் அட்டை எழுதியவர் அவர். தம் பெயர் வாசிக்கப்படாத வாரத்திலும் எழுதினார். அவர் எழுதாமல் விட்டுச்சென்ற 50 காசு அட்டைக் கட்டை அவர் வீட்டார் மன்றத்துக்குக் கொடுத்தார்கள். அலமாரியில் இருக்கிறது. வேண்டியவர்கள் எடுத்து எழுதலாம். அதுதான் அவருக்கும் பிடிக்கும்.

மாதக் கூட்டங்கள் பத்து நடந்தன. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அடைமழையால் கூட முடியவில்லை. பிப்ரவரி 13, உலக வானொலி நாளன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பழைய வால்வு ரேடியோவைத் திறந்து காட்டினோம். மன்றத்து ரேடியோவுக்குப் புது ஏரியல் போட்டாயிற்று. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இனி பொங்கல் ஒலிபரப்புக்கு வருகிறேன். நாம் வழக்கமாகக் கேட்கும் நிலையம் தைப்பொங்கல் காலையில் ‘நன்றி’ என்ற தலைப்பில் ஒரு மணி நேரப் பாடல் தொகுப்பு ஒன்றைக் கொடுத்தது. அடுத்த ஞாயிறு அதைப் பற்றிப் பேச உட்கார்ந்தோம். மாலை 4 மணிக்குத் தொடங்கிய பேச்சு விளக்கு வைத்த பிறகும் முடியவில்லை. அதற்கப்புறமும் ஏதாவது ஒரு கூட்டத்தில் அது தலைகாட்டிக்கொண்டே இருந்தது. நான் செயலாளராக எழுதிய குறிப்புகளில் அதிகப் பக்கம் பிடித்தது இதுதான்.

முதல் கேள்வி, நன்றிப் பாட்டு என்று எதைச் சொல்வது? ‘நன்றி சொல்ல’ என்றே தொடங்கும் 1990-களின் திரைப்பாடல்கள் தொகுப்பில் இருந்தன. இரண்டு பேருக்குள் நடக்கிற அன்புப் பேச்சு அவை, பொங்கலுக்கும் அவற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டார்கள். வாழ்க்கைத் துணைக்கு நன்றி சொல்லக்கூட ஒரு நாள் வேண்டாமா என்று அந்தப் பக்கத்து வரிசை அக்கா ஒருவர் கேட்டதும் கூட்டம் அமைதியானது. அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

நம் தமிழாசிரியை அம்மா வேறு ஒரு வழியைத் திறந்துவிட்டார். திருக்குறளின் பதினோராம் அதிகாரத்துக்கு ‘செய்ந்நன்றி அறிதல்’ என்று பெயர். அங்கே நன்றி என்றால் ஒருவர் நமக்குச் செய்த நன்மை. ‘நன்றி மறப்பது நன்றன்று’ என்பதிலும் அதே பொருள்தான். ஆகவே அந்தச் சொல் பாட்டில் வருகிறதா என்று தேட வேண்டாம், செய்த நன்மை தெரிகிறதா என்று பாருங்கள் என்றார். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துப் பாட்டு மழையைப் போற்றும்போது, அது மேலே நின்று சுரக்கிறதே, அதனால் போற்றுகிறோம் என்று காரணத்தையும் சேர்த்தே சொல்வதை எடுத்துக்காட்டினார். அன்றைக்கு நாங்கள் எல்லாருமே மாணவர்கள்.

அந்த அளவுகோலோடு தொகுப்பை மறுபடி நினைத்துப் பார்த்தோம். டி.கே. பட்டம்மாள் பாடிய ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’ இருந்தது. உழவுக்கும் தொழிலுக்கும் வந்தனை செய்யச் சொல்கிற பாரதியின் பாட்டு. ‘நாம் இருவர்’ படத்தில், 1947 ஆகஸ்டுக்கு முன்பே, வராத விடுதலையை வந்துவிட்டதாகப் பாடியது. அதைப் பற்றி இரண்டாவது கருத்தே எழவில்லை. மருதகாசி எழுதிய ‘மணப்பாறை மாடுகட்டி’யில்தான் வாக்குவாதம். அது விதை தெளிப்பது முதல் விற்பது வரை உழவருக்குச் சொல்கிற யோசனை, மாட்டுக்கு நன்றி எங்கே இருக்கிறது என்றார் ஒரு தம்பி. மாட்டை ஊர் சொல்லிக் கூப்பிடுவதே மரியாதைதான் என்றார் பெரியவர் ஒருவர். டிராக்டர் ஓட்டும் உறுப்பினர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “எங்க வீட்டுல இப்ப மாடு இல்லீங்க. மாட்டுப்பொங்கல் அன்னிக்கு வெறும் தொழுவத்துக்குத்தான் சூடம் காட்டுறோம்.” இந்த வாசகத்தைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

காவிரிப் பாசனத்து மன்றம் என்பதால் இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். 1960-களில் ஆடுதுறை 27 என்ற குறுவை நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி வயல்வெளி வரைக்கும் கொண்டுபோய்ச் சொன்னது. தஞ்சை விவசாயிகள் அந்த நெல்லுக்கே ‘ரேடியோ நெல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நேயர்கள் வானொலிக்குச் சொன்ன நன்றிகளில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை. மூட்டை மூட்டையாகச் சொன்ன நன்றி அது.

தொகுப்பில் ஒரு பெரிய குறை இருந்தது. அதை நம் மகளிர் உறுப்பினர்கள்தான் கண்டுபிடித்தார்கள். ஒரு மணி நேரத்தில் நடவுப்பாட்டு ஒன்றுகூட இல்லை, ஒரு குலவைச் சத்தம் இல்லை. நாற்றுப் பறித்து, குனிந்து நட்டு, களை எடுத்தவர்களுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. அவர்கள் குரலும் கேட்கவில்லை. எல்லாமே திரைப்பாட்டு. இதை நான் முதலில் கவனிக்காததற்கு வருந்துகிறேன், ஏனென்றால் அந்தப் பாட்டுகளைக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். நிலையத்துக்கு இதைப் பற்றி மன்றத்தின் பெயரில் கடிதம் போட்டோம். பதில் வரவில்லை. ஆடியில் நினைவூட்டுக் கடிதமும் போட்டோம்.

பதிலுக்காகக் காத்திருக்காமல், குறுவை நடவு நடந்தபோது வரப்பில் உட்கார்ந்து கைபேசியிலேயே நான்கு பாட்டுகளைப் பதிவு செய்தோம். காற்றும் வாய்க்கால் தண்ணீரும் சேர்ந்தே பதிவாகியிருக்கின்றன. பாடியவர்களில் மூத்த ஆத்தா ஒருவர் பாட்டை முடித்துவிட்டு, “இது ரேடியோவுல வருமா தம்பி, எந்தக் கிழமைன்னு சொல்லு, வேலைக்குப் போகாம இருக்கேன்” என்றார். பதிவுகளை நிலையத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.

வருகிற பொங்கலன்று மன்றத்தில் ரேடியோவைத் திருப்புவதற்கு முன் இந்த நான்கு பாட்டுகளையும் ஒலிபெருக்கியில் போடுவது என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. பாடிய நால்வரையும் முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும், அழைக்கப் போகும் பொறுப்பை நான் ஏற்கிறேன். ஆத்தாவிடம் கிழமையும் சொல்ல வேண்டும். பொதுக்குழு இதற்கும் இந்த அறிக்கைக்கும் ஒப்புதல் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
செயலாளர்