மன்றக் கட்டணம் மாணவர்களின் கைக்கு எட்ட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் புதிய கல்வியாண்டு தொடங்கி, மாணவர் மன்றங்களுக்கு நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை நடந்துவரும் இந்த நேரத்தில், அந்த மன்றங்களுக்கு உரிய பணம் எவ்வாறு கேட்கப்படுகிறது, எவ்வாறு தரப்படுகிறது, எவ்வாறு கணக்கு முடிக்கப்படுகிறது என்பது குறித்துத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன். தில்லியில் உள்ள ஒரு கல்லூரியில் நெடுங்காலம் ஆசிரியராகவும், அங்கிருந்த தமிழ் மன்றத்துக்கும் வேறு சில மன்றங்களுக்கும் பொறுப்பாசிரியராகவும் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கல்லூரியில் சேரும் ஒவ்வொரு மாணவரும் கட்டும் தொகையில், பாடக் கட்டணத்துக்கு அப்பால், மன்றங்களுக்கும் கலை நிகழ்ச்சிகளுக்கும் மாணவர் நலனுக்கும் என்று ஒரு பகுதி தனியே வசூலிக்கப்படுகிறது. வாழ்நாளில் ஒரு முறைகூட மேடை ஏறாத மாணவரும் அதைக் கட்டுகிறார். கல்விக் கடன் வாங்கிப் படிக்க வந்தவரும் கட்டுகிறார். அந்தத் தொகையிலிருந்துதான் விவாத மன்றம், நாடகக் குழு, இசைக் குழு, சுற்றுச்சூழல் மன்றம், மொழி மன்றங்கள் ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் ஒதுக்கீடு செய்யப்படுகிறது. மன்றம் கடந்த ஆண்டு செய்தவற்றையும் இந்த ஆண்டுத் திட்டத்தையும் உத்தேசச் செலவையும் எழுதிக் கொடுக்க, பொறுப்பாசிரியர் கையெழுத்திட, கணக்குப் பிரிவும் நிதிப் பொறுப்பு வகிக்கும் ஆசிரியரும் பார்த்த பின் முதல்வர் ஒப்புதல் தருகிறார். ஏட்டளவில் இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. நடைமுறையில் அந்தப் பணம் உரிய நேரத்தில் உரியவர் கைக்கு வருவதில்லை என்பதே என் கவலை.

பொங்கல் விழாவையே எடுத்துக்கொள்வோம். கட்டணம் ஆண்டின் தொடக்கத்திலேயே வசூலாகிவிடுகிறது. நிர்வாகிகள் தேர்வாகி, விண்ணப்பம் எழுதி, கோப்பு கணக்குப் பிரிவுக்குப் போவதற்குள் செப்டம்பர் கடந்துவிடுகிறது. அங்கிருந்து அது திரும்பி வருவதற்கு முன் பருவத் தேர்வுகள் குறுக்கிட்டுவிடுகின்றன. ஜனவரியில் வகுப்புகள் தொடங்கியதும் மாணவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஐஎன்ஏ மார்க்கெட்டில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாழையிலையும் வாங்க வேண்டும். பானை, பச்சரிசி, வெல்லம், கோலப்பொடி, பூ ஆகியவை வேண்டும். பேனர் அச்சிட வேண்டும். ஒலிபெருக்கிக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். ஒப்புதல் இன்னும் வரவில்லை என்பதற்காகப் பொங்கலைப் பிப்ரவரிக்குத் தள்ளிவைக்க முடியாது. ஆகவே யாராவது ஒருவர் தம் கைப்பணத்தைப் போடுகிறார்.

ஓராண்டு எங்கள் மன்றத்தின் பொங்கல் கோப்பு திரும்பி வந்தபோது, அதன் ஓரத்தில் பென்சிலால் மூன்று குறிப்புகள் எழுதப்பட்டிருந்தன: கரும்புக்கும் பூவுக்கும் ஜிஎஸ்டி எண்ணுடன் கூடிய பில் இல்லை, பேனருக்கு மூன்று கடைகளிடம் பெற்ற விலைப்புள்ளிகள் இணைக்கப்படவில்லை, பில்களின் தேதி ஒப்புதல் தேதிக்கு முந்தையது. கரும்புக்கும் உதிரிப் பூவுக்கும் ஜிஎஸ்டி வரியே கிடையாது. அவற்றைத் தரையில் வைத்து விற்பவரிடம் பதிவு எண்ணை எதிர்பார்க்கவும் முடியாது. மூன்றாவது குறிப்புக்கோ எந்தப் பதிலும் எழுத இயலாது, ஏனெனில் தாமதம் செய்தது அலுவலகம். அந்த ஆண்டு பொருளாளராக இருந்த மாணவி, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் என்று வீட்டிலிருந்து வந்த பணத்தை விழாவுக்குச் செலவிட்டிருந்தார். மார்ச் 31-ஆம் தேதி நிதியாண்டு முடிந்துபோனது. புதிய ஆண்டின் கணக்கில் பழைய பில்லை எடுப்பதற்குத் தனியே அனுமதி வேண்டும் என்றார்கள். பணம் அவர் கைக்கு வந்தபோது கோடை விடுமுறையும் கழிந்திருந்தது. அவர் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு பொறுப்பேற்க அவர் முன்வரவில்லை. முன்வந்தவர் வசதியான வீட்டுப் பிள்ளை.

இந்த இடத்தைத்தான் கல்லூரி நிர்வாகங்கள் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் செலவு செய், பிறகு வாங்கிக்கொள் என்ற முறையில், மன்றத்தை நடத்துவதற்குத் திறமையோ ஆர்வமோ போதாது. சில மாதங்களுக்குச் சில ஆயிரம் ரூபாயை முடக்கிவைக்கும் வசதியும் வேண்டும். அந்த வசதி இல்லாத மாணவர், தாமும் கட்டணம் கட்டியிருந்தும், நாற்காலி அடுக்குபவராகவே நின்றுவிடுகிறார். நிகழ்ச்சி நடத்திய அனுபவம் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் மேற்படிப்புக்குப் போகும்போதும் பயன்படும் இந்தக் காலத்தில் இது சிறிய இழப்பன்று.

கணக்குப் பிரிவினரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. தணிக்கையில் ஒரு வவுச்சர் குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தாம். பல கல்லூரிகள் மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளையே தங்கள் செலவுகளுக்கு அளவுகோலாகக் கொள்கின்றன. ஆனால் அந்த விதிகளை முழுமையாகப் படித்தால், அவை சிறு செலவுகளுக்குத் தாராளமாகவே வழிவிடுகின்றன என்பது தெரியும். வெளியானபோதே அவற்றின் 154-ஆம் விதி, ஒவ்வொரு தடவையும் 25,000 ரூபாய் வரையிலான பொருள்களை விலைப்புள்ளி கோராமலேயே வாங்க இடம் கொடுத்தது. பொருளின் தரமும் விலையும் சரியாக உள்ளன என்று உரிய அதிகாரி ஒரு சான்று எழுதினால் போதும். அப்படியிருக்க, இரண்டாயிரம் ரூபாய் பேனருக்கு மூன்று விலைப்புள்ளிகள் கேட்பது விதியின் கட்டாயமன்று. பல ஆண்டுப் பழக்கமும் பயமும்தான் அதற்குக் காரணம். அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளத்தில் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை நாற்காலிக்கும் கணினிக்கும் பொருந்தலாம். மாவிலைத் தோரணத்துக்குப் பொருந்தாது.

முன்பணம் தருவதற்கும் விதியில் இடமுண்டு. 323-ஆம் விதியின்படி சில்லறைச் செலவுகளுக்கு ஊழியர் ஒருவர் முன்பணம் பெறலாம். பெற்ற 15 நாள்களுக்குள் கணக்கையும் மீதியையும் ஒப்படைக்க வேண்டும். தவறினால் அந்தத் தொகை அவரது சம்பளத்தில் பிடிக்கப்படும். இந்தக் கடைசி வாக்கியம்தான் பொறுப்பாசிரியர்களைத் தயங்கவைக்கிறது. மாணவர் ரசீதைத் தொலைத்தால் தம் சம்பளத்திலிருந்து போகுமே என்று அஞ்சும் ஆசிரியரை, குறிப்பாக நிரந்தரப் பணியில் இல்லாத இளம் ஆசிரியரை, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மன்றங்களின் பணம் அரசு மானியத்திலிருந்து வருவதன்று. மாணவர்கள் கட்டிய கட்டணத்திலிருந்து வருவது. அதற்கு ஏற்றபடி எளிய நடைமுறை ஒன்றை வகுத்துக்கொள்ள ஆட்சிக்குழு முன்வர வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஒவ்வொரு மன்றத்துக்கும் செப்டம்பர் மாதத்துக்குள் ஒரு சிறு தொகையைச் சுழல் முன்பணமாகக் கொடுத்து, அதற்குக் கணக்கு வந்த பிறகே அடுத்த தொகையை விடுவிக்கலாம். நடைபாதைக் கடைகளில் வாங்கும் பொருள்களுக்கு, ஒரு குறிப்பிட்ட வரம்பு வரை, விற்பவரின் பெயர், பொருள், அளவு, விலை, தேதி ஆகியவற்றை எழுதி அவரது கையெழுத்தோ கைரேகையோ பெற்ற வவுச்சரை ஏற்றுக்கொள்ளலாம்.

யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் முறையும் பேசப்பட வேண்டியது. கடந்த ஆண்டு என்ன தரப்பட்டதோ அதை ஒட்டியே இந்த ஆண்டும் தருவது பரவலான வழக்கமாக இருக்கிறது. இதனால் பெயர் பெற்ற மன்றங்கள் வளர்கின்றன. புதியனவும் சிறியனவும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மூவாயிரம் பேர் படிக்கும் கல்லூரியில் தமிழ் மன்றத்துக்கு இருபது பேர் சேர்ந்தால் அதிகம். மலையாளம், வங்காளம், மணிப்புரி, வடகிழக்கு மாநில மாணவர் மன்றங்களின் நிலையும் இதுவே. கூட்டத்தை எண்ணிப் பார்த்துப் பணம் தருவதென்றால் இவர்களுக்கு ஒரு நாளும் கிடைக்காது.

இதே கேள்வி அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைக் குறித்த சௌத்வொர்த் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தமக்கு உடன்பாடில்லாத அமைப்புகளுக்குத் தம் கட்டணத்திலிருந்து பணம் தருவதை எதிர்த்து மாணவர்கள் தொடுத்த அந்த வழக்கில் 2000-ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. கட்டாயக் கட்டணம் வசூலித்து மன்றங்களுக்குப் பகிர்ந்தளிப்பது செல்லும். ஆனால் பகிரும்போது எந்தக் கருத்தின் பக்கமும் சாயக் கூடாது என்று நீதிமன்றம் கூறியது. மாணவர்களிடையே வாக்கெடுப்பு நடத்தி, பெரும்பான்மையின் விருப்பப்படி ஒரு மன்றத்துக்குப் பணம் தருவதையோ நிறுத்துவதையோ அது ஐயத்துடனேயே பார்த்தது. சிறுபான்மையினரின் கருத்துக்கும் பெரும்பான்மையினரின் கருத்துக்கும் ஒரே மதிப்பு தர வேண்டும் என்பதே நடுநிலை என்று விளக்கியது. அயல்நாட்டுத் தீர்ப்பு நம் கல்லூரிகளைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மைதான். எனினும் அதிலுள்ள நியாயம் நமக்கும் உரியதே. அங்கீகாரம் பெற்ற எந்த மன்றத்துக்கும் ஓர் அடிப்படைத் தொகை உறுதியாகக் கிடைக்க வேண்டும். அதற்கு மேல் வேண்டுவோர் திட்டத்தைக் காட்டிப் பெறட்டும். மறுக்கப்பட்டால், எந்தக் காரணத்துக்காக மறுக்கப்பட்டது என்பது இரண்டு வரியிலாவது எழுத்தில் தரப்பட வேண்டும்.

மாணவர்கள் தரப்பிலும் திருந்த வேண்டியவை உண்டு. ‘விழாச் செலவு 40,000 ரூபாய்’ என்று ஒரே வரியில் எழுதப்பட்ட விண்ணப்பங்களை நான் பார்த்திருக்கிறேன். எத்தனை பேர் வருவார்கள், ஒருவருக்குச் சிற்றுண்டி என்ன விலை, அரங்கம் கல்லூரியுடையதா வாடகைக்கா, விருந்தினருக்குப் போக்குவரத்துச் செலவு உண்டா என்பன எதுவும் அதில் இருக்காது. அப்படி எழுதினால் வெட்டத்தான் செய்வார்கள்; எங்கே வெட்டினார்கள் என்றும் தெரியாது. செலவானபின் யுபிஐ செயலியின் திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) அச்சிட்டு பில்லுக்குப் பதிலாக இணைப்பதும் வழக்கமாகிவிட்டது. பணம் போனதற்கு அது சான்று. எந்தப் பொருளுக்காகப் போனது என்பதற்கு அது சான்றாகாது. அதைவிட ஆபத்தானது, நன்கொடையையும் நுழைவுக் கட்டணத்தையும் பொருளாளரின் சொந்த வங்கிக் கணக்கில் வாங்குவது. நேர்மையான மாணவரையும் அது சந்தேகத்துக்கு ஆளாக்கிவிடும். விளம்பரதாரர்கள் தரும் பணம் கல்லூரியின் கணக்கில் மட்டுமே வர வேண்டும் என்பதில் விட்டுக்கொடுத்தல் கூடாது.

வெளிப்படைத்தன்மைக்கு நாம் புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. மாணவர் சங்கத் தேர்தல்கள் குறித்து லிங்டோ குழு அளித்த பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டு நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. அவற்றின்படி வேட்பாளர் ஒருவர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவிடக் கூடாது. முடிவு வெளியான இரண்டு வாரங்களுக்குள் தணிக்கை செய்த கணக்கைத் தர வேண்டும். கல்வி நிறுவனம் அதை இரண்டு நாள்களுக்குள் எல்லா மாணவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். ஒரு வேட்பாளரின் ஐயாயிரம் ரூபாய்க்கு இத்தனை ஒழுங்கு வகுத்திருக்கும்போது, ஆயிரக்கணக்கான மாணவர்களிடம் வசூலித்த மன்றக் கட்டணம் எந்த மன்றத்துக்கு எவ்வளவு போனது என்பதைக் கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளாகக்கூட ஒட்டாமல் இருப்பதை எப்படி ஏற்பது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் 30 நாள்களுக்குள் இதைத் தர வேண்டிய கடமை அரசு நிதி பெறும் கல்லூரிக்கு உண்டு. தம் கல்லூரியிடமே ஒரு மாணவர் அப்படிக் கேட்டுப் பெறும் நிலை வரக் கூடாது. ஒதுக்கீடும் செலவும் மீதியும் ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் தாமாகவே வெளியிடப்பட வேண்டும்.

தில்லித் தமிழர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைக்க விரும்புகிறேன். கல்லூரிப் பணம் தாமதமாகும்போது தமிழ் மன்ற மாணவர்கள் நம்மவர்களிடம் நன்கொடை கேட்டு வருகிறார்கள். நாமும் மனமுவந்து தருகிறோம். அதோடு நின்றுவிடாமல், அவர்களுக்கு உரிய பணத்தை அவர்களே முறையாகக் கேட்டு வாங்கவும் நாம் துணைநிற்க வேண்டும். மத்திய அரசின் கணக்கு, தணிக்கை அலுவலகங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழர்கள் ஆர்.கே.புரத்திலும் ஜனக்புரியிலும் மயூர் விஹாரிலும் நிறையவே இருக்கிறார்கள். உத்தேசச் செலவுப் பட்டியல் தயாரிப்பது, ரொக்கப் பதிவேடு எழுதுவது, வவுச்சருக்கு வரிசை எண் இடுவது, பணம் உரிய காரியத்துக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் எழுதுவது ஆகியவற்றைக் கற்றுத்தர அவர்களுக்கு ஒரு மாலைப் பொழுது போதும். ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில், தில்லியிலுள்ள கல்லூரித் தமிழ் மன்றங்களின் பொருளாளர்களை ஓரிடத்தில் கூட்டி இதற்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்த இங்குள்ள தமிழ் அமைப்புகள் முன்வருமானால், வகுப்பெடுக்க நானும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்,
ஜனக்புரி, புது தில்லி