தம்பிக்கு, இரண்டு கணக்குகளைப் பற்றி

நாகலூர், ஏற்காடு
8 ஜூன் 2025, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம்தான் என்றாலும், இந்த முறை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை. கோடை விழாக் கூட்டம் மலையை விட்டு இறங்கிவிட்டது; பிற்பகலானால் பனிமூட்டமும் தூறலுமாக இருக்கிறது. மிளகுக்கொடி நன்றாகத் திரி விட்டிருக்கிறது. பாப்பாவின் மகனை எல்.கே.ஜி.யில் சேர்த்திருக்கிறார்கள். உன் அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளாக உன் தொலைபேசி அழைப்பு வரவில்லை என்பதை அவள் நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறாள். வேலை அதிகமாக இருக்கும் என்று நான் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அறையிலேயே இருந்துவிடாதே, வெயில் படும்படி சிறிது தூரம் நடந்துவிட்டு வா.

நான் எழுத வந்தது ஒரு பத்திரிகைச் செய்தியைப் பற்றி. மே 20 அன்று ஜெனீவாவில், உலக நலவாழ்வு அமைப்பின் உறுப்பு நாடுகள் கூடிப் பெருந்தொற்று உடன்படிக்கை ஒன்றை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசிப் பேசி எழுதியது அது. அடுத்த பெருந்தொற்று வரும்போது தடுப்பூசியும் மருந்தும் பணக்கார நாடுகளுக்கு மட்டும் போய்விடாமல், அவற்றில் ஒரு பங்கு ஏழை நாடுகளுக்கும் சேர வேண்டும் என்கிறது. எந்த நாட்டையும் ஊரடங்கு போடு என்று கட்டளையிடும் அதிகாரம் அந்த அமைப்புக்கு இல்லை என்றும் தெளிவாகச் சொல்கிறது. அறுபது நாடுகள் உறுதிசெய்த பிறகுதான் நடைமுறைக்கு வரும். நல்ல காரியம்தான். செய்தியை இரண்டு முறை படித்தேன். பிறகு பரணிலிருந்து என் பழைய வருகைப் பதிவேட்டை எடுத்தேன்.

அந்தப் பதிவேடு உனக்குத் தெரியும். ஓய்வு பெற்றபோது பள்ளியிலிருந்து எழுதாத ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன் அல்லவா, அதுதான். 2020 மார்ச் 25 முதல் நாள்தோறும் மாலையில், மாணவர் பெயர் எழுதும் இடத்தில் நாடுகளின் பெயரை எழுதி, எதிரே அன்றைய தொற்றையும் இறப்பையும் குறித்து வந்தேன். முப்பத்தோரு ஆண்டுகள் வருகை எடுத்த கை சும்மா இருக்கவில்லை. எந்த நாடு எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் ஏதோ ஒரு பிடி கிடைக்கும் என்று நினைத்தேன்.

தென்கொரியாவை அப்போது மிகவும் மெச்சினேன். 2015 இல் மெர்ஸ் நோய் வந்தபோது அந்த நாடு தடுமாறியது; 186 பேருக்குத் தொற்று, 38 பேர் இறந்தார்கள். எந்த மருத்துவமனையில் நோய் இருக்கிறது என்பதைக்கூட அரசு முதலில் வெளியே சொல்லவில்லை. அந்த அவமானத்துக்குப் பிறகு சட்டத்தை மாற்றி, நெருக்கடிக் காலத்தில் பரிசோதனைக் கருவிகளுக்கு விரைவாக அனுமதி கொடுக்கும் வழியைச் செய்து வைத்தார்கள். அதனால்தான் 2020 பிப்ரவரியில் தேகு நகரில் தொற்று வெடித்தபோது, காரில் உட்கார்ந்தபடியே மூக்கில் சோதனை எடுத்துக்கொண்டு போகும் அளவுக்கு அவர்கள் ஆயத்தமாக இருந்தார்கள். நாடு முழுவதையும் பூட்டாமல், ஏப்ரல் 15 அன்று நாடாளுமன்றத் தேர்தலையும் நடத்தி முடித்தார்கள். நோயாளி போன இடங்களையெல்லாம் கைப்பேசியைக் கொண்டும் வங்கி அட்டையைக் கொண்டும் துருவி எடுத்தார்கள் என்பது எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும், ஒருமுறை தோற்ற மாணவன் அடுத்த தேர்வுக்குப் படித்துக்கொண்டு வந்ததைப் போல அது இருந்தது.

நியூசிலாந்து வேறு வழியில் போனது. சுற்றிலும் கடல், கதவைச் சாத்திக்கொண்டது. ஜூன் 8 அன்று அந்த நாட்டில் நோயாளி ஒருவர்கூட இல்லை என்று அறிவித்தார்கள். இன்றும் அதே தேதி என்பதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன். உள்ளூரில் தொற்றே இல்லாமல் 102 நாட்கள் ஓடின. ஆனால் அந்தக் கதவுக்கு வெளியே நின்றவர்களில் அவர்களுடைய சொந்தக் குடிமக்களும் இருந்தார்கள். தனிமைப்படுத்தும் விடுதியில் இடம் கிடைத்தால்தான் நாட்டுக்குள் வரலாம் என்ற நிலையில், 2021 இல் அந்த இடத்துக்குக் குலுக்கல் முறையில் வரிசை கொடுத்தார்கள். தாயின் கடைசி நாட்களுக்கு வர முடியாமல் போனவர்கள் உண்டு. அது அவர்களுடைய உரிமையை மீறிய செயல் என்று பின்னர் அந்த நாட்டு உயர் நீதிமன்றமே சொன்னது.

சுவீடனைப் பற்றி நீயும் நானும் வாதாடியது நினைவிருக்கிறதா? சிறு பிள்ளைகளின் பள்ளிகளை அவர்கள் மூடவேயில்லை. மக்களை நம்பி, அறிவுரையாகச் சொல்லிவிட்டு விட்டார்கள். பள்ளி ஆசிரியனாக அதில் எனக்கு ஓர் ஏக்கம் இருந்தது; இங்கே நம் மலைப் பிள்ளைகள் ஒன்றரை ஆண்டு எழுத்தை மறந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் அந்த நாட்டின் முதியோர் இல்லங்களுக்குள் தொற்று நுழைந்தது. தற்காலிகக் கூலிக்கு இல்லம் இல்லமாக மாறி மாறி வேலை செய்த பணிப்பெண்களுக்கு முகக்கவசம்கூடப் போதிய அளவு கிடைக்கவில்லை. முதியோரைக் காக்கத் தவறிவிட்டோம் என்று 2020 டிசம்பரில் விசாரணைக் குழு எழுதியது. நாம் தோற்றுவிட்டோம் என்று மன்னரே வெளிப்படையாகச் சொன்னார்.

நம் நாட்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவில் ஊரடங்கு. இடையில் நான்கு மணி நேரம். மே மாதம் உன் அம்மாவின் மாத்திரைக்காகச் சேலத்துக்கு இறங்கியபோது ஐந்து ரோட்டருகே பதினைந்து இளைஞர்கள் வடக்கு நோக்கி நடந்து போவதைப் பார்த்தேன். ஒடிசா என்றார்கள். ஒருவன் காலில் செருப்புக்குப் பதிலாகத் தண்ணீர்ப் பாட்டிலை நசுக்கிக் கட்டியிருந்தான். கையில் இருந்த வாழைப்பழச் சீப்பைக் கொடுத்துவிட்டு மலையேறினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும், இந்தப் பிள்ளைகளின் தகப்பன்மார் எப்படித் தூங்குவார்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். என் நினைவு உன்னிடம் வரவேயில்லை, தம்பி. நீ சிங்கப்பூரில் இருந்தாய்.

சிங்கப்பூருக்குத்தான் என் பதிவேட்டில் முதல் மதிப்பெண். 2003 இல் சார்ஸ் நோய்க்கு 33 பேரை இழந்த அந்த நாடு, அதிலிருந்து கற்றுக்கொண்டு, தொற்றுநோய்க்கென்றே 330 படுக்கைகளுடன் தனி மையம் கட்டி 2019 இல் திறந்து வைத்திருந்தது. யாருக்குத் தொற்று, அவர் யாருடன் உணவருந்தினார் என்று காவல்துறையினரும் சேர்ந்து தேடிக் கண்டுபிடித்தார்கள். 2020 முழுவதிலும் அங்கே இறந்தவர்கள் 29 பேர். பால் ஊற்றும் இடத்தில் ஆறடி தள்ளி நின்றபடி, என் மகன் இருக்கும் நாட்டைப் பாருங்கள் என்று நான் பெருமையாகப் பேசாத நாள் இல்லை.

இப்போது அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கிறேன். அந்த நாட்டு அரசு நாள்தோறும் இரண்டு கணக்குகளைக் கொடுத்திருக்கிறது: சமூகத்தில் எத்தனை பேர், தொழிலாளர் விடுதிகளில் எத்தனை பேர். ஏப்ரல் 20 அன்று 1,426 பேருக்குத் தொற்று. அவர்களில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 16 பேர். என் பதிவேட்டில் அன்றைய தேதிக்கு நேரே, என் கையெழுத்தில், 16 என்று இருக்கிறது. மறுநாளும் சிறிய எண்ணைத்தான் எழுதியிருக்கிறேன். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. இறப்பை எல்லாருக்கும் சேர்த்து எழுதியிருக்கிறேன். தொற்றை மட்டும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும். நீ இருந்த எண்ணை நான் ஒருநாள்கூட எழுதவில்லை.

ஒரே அறையில் பன்னிரண்டு பேர் அடுக்குக் கட்டிலில் படுக்கும் இடத்தில் எங்கே இருக்கிறது ஆறடி? இருமல் வருவதற்கு முன்பே பரவிவிடும் நோய், ஒரே குழாயில் வரிசை நிற்பவர்களிடம் பரவாமல் என்ன செய்யும்? ஏப்ரல் 5 அன்று இரண்டு பெரிய விடுதிகளைப் பூட்டினார்கள். 21 முதல் எல்லா விடுதிகளிலிருந்தும் வெளியே வருவதையே நிறுத்தினார்கள். ஆகஸ்டில் சோதனை முடிந்து வேலைக்கு அனுப்பிய பிறகும், நகரத்தில் இருந்தவர்கள் கடைத்தெருவுக்குப் போய்வந்த நாட்களில், உங்களுக்கு வேலைத்தளமும் விடுதியும் மட்டும் என்று ஆயிற்று. சிறிது சிறிதாகத் தளர்த்தினாலும், அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே போக முடியாத நிலை 2022 ஜூன் வரை நீண்டது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேல், தம்பி. 2020 டிசம்பரில் வந்த கணக்குப்படி விடுதிகளில் இருந்த ஏறக்குறைய 3,23,000 பேரில் நூற்றுக்கு 47 பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. பெரும்பாலோர் இளைஞர்கள் என்பதால் பிழைத்தார்கள். சம்பளத்தை நிறுத்தக் கூடாது என்று சொன்னதும், உணவும் மருத்துவமும் கொடுத்ததும் உண்மை. நம் நாட்டில் அந்த ஒடிசாப் பிள்ளைகளுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. அந்த நன்றியை மறுக்கமாட்டேன். ஆனால் சார்ஸ் கற்பித்த பாடம் விமான நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் போய்ச் சேர்ந்தது, ஊரின் ஓரத்தில் இருந்த உங்கள் அறைக்குப் போய்ச் சேரவில்லை. குடியிருக்கும் இடத்தைத் திருத்தாத எந்த நாடும் நோய்க்குத் தயாராக இருந்ததாக நான் இனிமேல் மதிப்பெண் போடமாட்டேன்.

உன் விடுதியில் மருத்துவக் குழுவுக்கும் நம் பக்கத்துப் பையன்களுக்கும் நடுவே நின்று நீதான் மொழிபெயர்த்துக் கொடுத்தாய் என்று ஆத்தூர்ப் பையன் சென்ற மாதம் வீட்டுக்கு வந்தபோது சொன்னான். காய்ச்சல்காரர்களின் படுக்கைக்கே போய்க் கேட்டு எழுதிக் கொடுத்தாயாம். உன் அம்மா அழுதாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் ஐந்து ஆண்டுகளாக இதை நீ எங்களிடம் சொல்லாமல் இருந்தது சரியா? ஊரார் சொல்லித்தானா மகனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்? ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஆட்கள் கூடும் தேக்கா கடைத்தெருப் பக்கம்கூட நீ வருவதில்லை, அறையிலேயே படுத்திருக்கிறாய் என்றும் அவன்தான் சொன்னான். அப்படி இருக்காதே. வெயில் படும்படி நட. வெந்நீர் குடி.

கேட்கிற தகுதி எனக்கு உண்டா என்பதையும் எழுதிவிடுகிறேன். 2020 ஜூன் மாதம், இரவு பத்து மணிக்கு மேல் நீ அழைத்தாய். வெளிநாட்டில் இருப்பவர்களை அழைத்துவர நம் அரசு விடும் வந்தே பாரத் விமானத்துக்குப் பெயர் கொடுக்கலாமா, அப்பா, வந்துவிடட்டுமா என்று கேட்டாய். மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கும்போதே புளித்துவிடுகிறது என்றாய். ஜன்னலருகே நிற்பதற்கும் முறை வைத்திருக்கிறோம் என்றாய். நான் பதிவேட்டைப் பார்த்துப் படித்தேன். அங்கே முப்பது பேர்கூட இறக்கவில்லை, இங்கே ஆயிரக்கணக்கில் சாகிறார்கள், சென்னையில் இறங்கினால் உனக்கும் வரும், உன் அம்மாவுக்கும் வரும், உலகத்திலேயே பத்திரமான நாட்டில் இருந்துகொண்டு ஏன் வருகிறேன் என்கிறாய் என்று கேட்டேன். நீ சரி அப்பா என்று வைத்துவிட்டாய்.

அன்று நான் படித்துக் காட்டிய எண்கள் பொய்யில்லை. அவற்றை எதற்காகப் படித்தேன் என்பதுதான் பொய். பாப்பாவின் கல்யாணம் ஆவணியில் நிச்சயமாகியிருந்தது. உன்னை அனுப்புவதற்காக ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்துக்குக் காப்பித் தோட்டப் பத்திரம் அடமானத்தில் இருந்தது. நடுத்தரச் சம்பள வேலைக்கான எஸ் பாஸ் என்று சொல்லி, கூலி வேலைக்கான ஒர்க் பெர்மிட்டில் அனுப்பிய அந்த ஏஜெண்டிடம் போய்ச் சண்டை போடவும் எனக்குத் தைரியம் இருக்கவில்லை. நீ வந்துவிட்டால் வட்டியை யார் கட்டுவது என்பது ஒன்றுதான் அந்த இரவில் என் மனத்தில் இருந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு நாடுகளை ஒப்பிட்டேன். ஐம்பது பேரோடு கல்யாணம் நடந்தது, உன் பணத்தில். நீ வீடியோவில் பார்த்தாய்.

2023 பொங்கலுக்கு வந்தபோது நீ அறைக்குள் படுக்காமல், அந்தத் தைக் குளிரில், கட்டிலைத் திண்ணைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாய். கதவைச் சாத்தினால் எழுந்து திறந்தாய். சிங்கப்பூர் வெக்கையில் இருந்து பழகியவன், காற்று கேட்கிறான் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். எனக்கு அப்போதே தெரியும். கேட்டால் நீ அந்த ஜூன் மாதத்தைச் சொல்லிவிடுவாய் என்று பயந்து கேட்காமல் இருந்தேன்.

பத்திரம் சென்ற ஆண்டே திரும்பிவிட்டது என்று உனக்குத் தெரியும். இனி நீ அனுப்பும் பணம் எதற்கும் தேவைப்படாது. உன் பெயரில் போட்டு வை. அங்கேயே இருக்க விரும்பினால் இரு, வர விரும்பினால் வா, நான் எந்த நாட்டின் கணக்கையும் படித்துக் காட்டமாட்டேன்.

உன் அறையின் கிழக்குச் சுவரை இடித்து ஜன்னல் வைக்கச் சொல்லியிருந்தேன். கொத்தனார் வெள்ளிக்கிழமைதான் முடித்தார். நான்கடி அகலம், படுத்தபடியே பலாமரமும் அதற்கப்பால் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களும் தெரிகின்றன. குரங்கு உள்ளே வந்துவிடும், கம்பி போட்டே ஆக வேண்டும் என்கிறாள் உன் அம்மா. கம்பி வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆசாரியை நிறுத்தி வைத்திருக்கிறேன். போடலாமா, வேண்டாமா என்று ஒரு வரி எழுது, அல்லது அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொல்.

உன் அப்பா