அலமுவுக்கு, பிரீமியம் ஏறுனது பத்தி

அன்புள்ள அலமு,

நல்லா இருக்கியா, மாப்பிள்ளை பேரப்பிள்ளைக எல்லாரும் சுகம்தானே. உன் மெயில் வந்து பத்து நாள் ஆச்சு, உடனே பதில் போடலேன்னு கோவிச்சுக்காத, வீட்டு இன்சூரன்ஸை விலை கம்மியான வேற கம்பெனிக்கு மாத்தலாமான்னு கேட்டு நீ அனுப்புன ரெண்டு பேப்பரையும், பழைய கம்பெனி ரினியூவலையும் புதுக் கம்பெனி கோட்டேஷனையும், பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரிண்ட் எடுத்துட்டு வந்து கண்ணாடி போட்டு உக்காந்து வரி வரியா வாசிச்சேன். 31 வருஷம் பேங்க்ல வீட்டு லோன் பாத்தவளாச்சே, பேப்பரைப் பாத்தா கை சும்மா இருக்காது. இங்க காரைக்குடில ஐப்பசி மழை ஆரம்பிச்சிருச்சு, ராத்திரி முழுக்க பெய்யுது, மழைச் சத்தம் கேட்டாலே எனக்கு ஊர்ல இருக்கிற, பங்காளிக எல்லாருக்கும் பொதுவான வளவு வீட்டு ஓடு ஞாபகந்தான் வருது, தூக்கம் போயிருது.

நீ ஹூஸ்டன்ல வீட்டு இன்சூரன்ஸ் 2,900 டாலர்ல இருந்து 4,750க்கு ஏறிருச்சுன்னு எழுதுறதுக்கு முன்னாடியே எங்க வளவு வீட்டுக்கும் ரினியூவல் நோட்டீஸ் வந்துருச்சு அலமு. போன வருஷம் 7,400 ரூபா, இந்த வருஷம் 11,900. உன் கணக்குக்கு இது சின்னத் தொகைதான், ஆனா இங்க அந்த வீட்டுக்கு ஒன்பது புள்ளி, அதாவது ஒன்பது குடும்பம், பங்கு இருக்கே, ஒருத்தர் சிங்கப்பூர்ல, ரெண்டு பேர் சென்னைல, ஒருத்தர் கோயமுத்தூர்ல, ஆளாளுக்குப் போன் போட்டு காசு கேக்குறது நான்தான். 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் ஹெல்த் பாலிசி, லைஃப் பாலிசிக்கெல்லாம் ஜிஎஸ்டியை எடுத்துட்டாங்க, வீட்டுக்கும் குறையும்னு எதிர்பார்த்தேன், வீட்டுக்கு அந்த 18 சதவீதம் அப்படியேதான் இருக்கு.

போன மாசம் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு எல்லாரும் கூடுனப்ப சாப்பிட்டு முடிச்சு பட்டாலைல உக்காந்து இதைப் பேசுனோம். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு எதுக்கு இன்சூரன்ஸ்னு ஒருத்தர், வேற கம்பெனில பாதிக்குத் தர்றாகன்னு இன்னொருத்தர். பாதிக்குத் தர்றாகன்னு சொன்னவர் கையோட ஒரு ஏஜென்ட் கொடுத்த கோட்டேஷனும் கொண்டாந்துட்டார், 5,900 ரூபா. எல்லாருக்கும் முகம் மலர்ந்துருச்சு, எங்க வீட்டு இவுக கூட மாத்திரலாம்னுதான் சொன்னாக. நான் மட்டும் ரெண்டு நாள் டைம் கொடுங்க, வாசிச்சுட்டுச் சொல்றேன்னேன்.

ஏன் அவ்வளவு பிடிவாதமா சொன்னேன்னா, 2018ல பட்டது இன்னும் ஆறல. நவம்பர் 16 விடியறதுக்கு முன்னாடி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி உள்ள வந்துச்சே, புதுக்கோட்டை பக்கமெல்லாம் தென்னந்தோப்பு தோப்பா சாஞ்சு கிடந்துச்சு, எங்க வீட்டுக்குப் பின்கட்டுல நின்ன வேப்பமரம் சமையக்கட்டு ஓட்டு மேல விழுந்து ரெண்டு பத்தி ஓடும் ஒரு தேக்கு உத்தரமும் போச்சு. சரிபண்ண 1,85,000 ஆச்சு. சர்வேயர் வந்தாக, நல்லபடியாத்தான் பேசுனாக, போட்டோ எடுத்தாக, கடைசில ஓடு பழசு மரம் பழசுன்னு 60 சதவீதம் தேய்மானம் கழிச்சு 74,000னு போட்டு, அதுலயும் முதல் 10,000 உங்க பொறுப்புன்னு கழிச்சு 64,000க்கு செக் வந்துச்சு. நான் கத்துனேன், அழுதேன், ஒண்ணும் நடக்கல, ஏன்னா பாலிசில அப்படித்தான் எழுதியிருந்துச்சு, மார்க்கெட் வேல்யூ அடிப்படைன்னு. இருபது வருஷமா பிரீமியம் கட்டுன யாருமே அந்த வரியை வாசிக்கல, ஊருக்கே லோன் பேப்பர் வாசிச்ச நானும் வாசிக்கல. மீதி 1,21,000க்கு இவுக பிஎஃப் பணத்தைத்தான் எடுத்தோம்.

உன் புதுக் கம்பெனி கோட்டேஷனை வாசிக்கும்போது எனக்கு அதே வயித்தெரிச்சல் வந்துச்சு அலமு. நாலாவது பக்கத்தைப் பாரு, காத்து, ஆலங்கட்டி மழைக்குக் கூரை போனா 'ஆக்சுவல் கேஷ் வேல்யூ'தான்னு இருக்கு. அது எங்க சர்வேயர் கழிச்ச அதே தேய்மானந்தான், பேருதான் வேற. உன் கூரை போட்டு 14 வருஷம்னு நீயே எழுதியிருக்க, 2024 ஜூலைல பெரில் புயல் அடிச்சப்ப ஒரு பக்கத்துக் கூரை ஓடு, அந்த ஷிங்கிள், பறந்துச்சுன்னும் எழுதியிருக்க. இப்ப இருக்கிற பாலிசில புதுக்கூரைக்கு ஆகுற செலவு கிடைக்கும், புதுசுல 14 வருஷத் தேய்மானம் கழிச்சுட்டு மிச்சம்தான் கிடைக்கும். அதோட டிடக்டிபிளை, அதான் சேதத்துல முதல்ல நம்ம கையில இருந்து போட வேண்டிய தொகையை, பாத்தியா, பழசுல காத்துக்கு 1 சதவீதம், புதுசுல 2 சதவீதம். இந்த சதவீதம் உனக்கு ஆன சேதத்துல இல்ல, வீட்டுக்குப் போட்டிருக்கிற 4,00,000 டாலர்ல. அப்ப 4,000 உன் கையில இருந்து போறது 8,000 ஆகும். பிரீமியத்துல நீ மிச்சம் பிடிக்கிறது வருஷத்துக்கு 1,100, மூணு வருஷத்துக்குள்ள ஒரு புயல் வந்து கூரையைத் தூக்குனா மிச்சம் பிடிச்சது அத்தனையும் டிடக்டிபிளுக்கே போயிரும், தேய்மானத்தை நான் இன்னும் கணக்குலயே சேக்கல.

எங்க 5,900 ரூபா கோட்டேஷன்லயும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு, இடந்தான் வேற. 2021 ஏப்ரல் 1ல இருந்து இங்க எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனியும் பாரத் கிருஹ ரக்ஷான்னு ஒரே மாதிரி வீட்டு பாலிசி தரணும்னு இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ சொல்லிருச்சு, அதுனால தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் எந்தக் கம்பெனில எடுத்தாலும் உண்டு, கட்டடத்துக்குத் திரும்பக் கட்டுற செலவுதான் கணக்கு, சாமான்களுக்குக் கட்டடத் தொகைல 20 சதவீதம், 10 லட்சம் வரைக்கும், தானா சேந்துரும். அப்ப ஒரு கம்பெனி பாதிக்கு எப்படித் தர முடியும்னு தேடுனேன். எங்க வீடு கார்ப்பெட் ஏரியா, சுவருக்குள்ள இருக்கிற தரை, 9,600 சதுர அடி, அந்த ஏஜென்ட் 4,000னு எழுதி, சதுர அடிக்கு 1,500 போட்டு, 60 லட்சத்துக்கு கோட்டேஷன் கொடுத்திருக்கார். கேட்டா, இந்த பாலிசில வீட்டுத் தொகையைக் குறைச்சுப் போட்டாலும் க்ளெய்ம் பணத்தை அதே விகிதாச்சாரம் போட்டுக் கழிக்க மாட்டாக ஆச்சின்னார். அது உண்மைதான், ஆனா 60 லட்சத்துக்கு மேல ஒரு பைசா வராதே, அதோட அளவையே மாத்தி எழுதிக் கொடுத்துட்டு நாளைக்கு ஒரு சேதம் வந்தா அவுககூட யாரு மல்லுக்கு நிக்கிறது.

பழைய கம்பெனி 9,600 சதுர அடிக்கு 2,000 வீதம் போட்டு 1 கோடியே 92 லட்சம்னு ஏத்தியிருக்காக, முன்னாடி 1 கோடியே 20 லட்சந்தான், பிரீமியம் ஏறுனதுக்குப் பெரிய காரணம் அதுதான். நியாயமாப் பாத்தா 2,000ங்கிறதே கம்மி. அந்த பர்மா தேக்குத் தூணுக்கும், முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேத்து இழைச்ச சுவருக்கும் இன்னைக்கு யாரு விலை சொல்றது. இடிச்ச வீட்டுத் தூணும் கதவு நிலையும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகள்ல வரிசையா சாத்தி வச்சிருக்காகளே, அந்தத் தெருவுல நடந்தா எனக்கு நெஞ்சு அடைக்கும், எந்த வீட்டு முகப்போ, எந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு மாவிலை கட்டுன நிலையோன்னு. நீயும் ஒண்ணைக் கவனி, உன் வீடு 5,60,000க்குப் போகும், இன்சூரன்ஸ் 4,00,000த்துக்குத்தான் இருக்குன்னு பயந்து எழுதியிருக்க, விலைல நிலமும் சேந்திருக்கு, நிலம் எரியாது, பறக்காது, திரும்பக் கட்ட என்ன ஆகும்னு ஒரு பில்டர்கிட்ட மட்டும் கேட்டுக்க.

அப்புறம் இன்னொண்ணு தோணுச்சு, இதைத்தான் உனக்கு முக்கியமா எழுதணும்னு உக்காந்தேன். எங்க பக்கம் பெரிய பெரிய வீடெல்லாம் எப்படி விழுந்துச்சுன்னு யோசிச்சுப் பாரு. எரிஞ்சு விழுந்தது எத்தனை, புயல்ல விழுந்தது எத்தனை? விரல் விட்டு எண்ணிரலாம். ஒரு ஓடு நகந்து, அதுல தண்ணி இறங்கி, உத்தரம் ஊறி, கரையான் ஏறி, பாக்க ஆள் இல்லாம பத்து வருஷத்துல உக்காந்துரும். அந்தக் கசிவுக்கும் கரையானுக்கும் எந்த வீட்டு பாலிசியும் காசு தராது, தேய்மானம், பராமரிப்பு உங்க பாடுன்னு வெளிய தள்ளிரும். அப்ப எங்க வீட்டைக் கொல்லப் போறது எதுவோ அது பாலிசிலயே இல்ல, நாங்க 5,900க்கும் 11,900க்கும் அடிச்சுக்கிட்டு இருக்கோம். உனக்கு அந்த மாதிரி ஒண்ணு வெள்ளம். அங்க சாதாரண வீட்டு பாலிசில வெள்ளம் கிடையாது, தனியா எடுத்தாத்தான் உண்டு, 2017 ஆகஸ்ட்ல ஹார்வி வந்து உன் தெரு முழுக்க இடுப்பளவு தண்ணி நின்னப்ப பக்கத்து வீட்டுக்காரவுக இதுல மாட்டுனதை நீதான் அழுதுக்கிட்டே போன்ல சொன்ன. இப்ப நீயே காசு மிச்சம் பிடிக்க ஃப்ளட் பாலிசியை விட்டுரலாமான்னு கேக்குற, வேண்டாம் அலமு, கெஞ்சிக் கேக்குறேன். அரசாங்கத் திட்டத்துல கட்டடத்துக்கு 2,50,000 டாலர், சாமானுக்கு 1,00,000 டாலர்தான் உச்சம், அதுவே உனக்குப் பெரிய பிடி, விட்டுட்டுத் திரும்ப எடுத்தா 30 நாள் கழிச்சுத்தான் அமலுக்கு வரும், புயல் கிளம்புன செய்தியைப் பாத்துட்டு ஓடி எடுக்க முடியாது.

சரி, எங்க கதையை முடிச்சுர்றேன். கம்பெனி மாத்தல, ஆனா நோட்டீஸ்ல கேட்ட 11,900ஐ அப்படியே கட்டவும் இல்ல. பாலிசியைப் பிரிச்சுப் பாத்தா தனிநபர் விபத்துக் காப்பீடு ஒண்ணு சேத்திருந்தாக, அது விருப்பப்பட்டா எடுக்கிறதுதான், ஆளே குடியிருக்காத வீட்டுல அது எதுக்குன்னு எடுக்கச் சொன்னேன். விலையுயர்ந்த பொருள்னு பெல்ஜியம் கண்ணாடி, வெள்ளிச் சாமான், பழைய ஓவியங்களுக்குத் தனியாப் போட்டிருந்தாக, வெள்ளியெல்லாம் லாக்கருக்குப் போய் ஆறு வருஷமாச்சு, படங்களை அவுகவுக பங்குக்குக் கொண்டு போய்ட்டாக, அதையும் எடுத்தோம். 9,300க்கு வந்துருச்சு. இதை விடப் பெரிய விஷயம், பாலிசி இன்னும் இவுக பெரியப்பச்சி பேர்லயே இருந்துச்சு அலமு, அவுக தவறி மூணு வருஷமாச்சு! ஒன்பது புள்ளி பேரையும் போட்டு மாத்த ஒரு மாசம் அலைஞ்சோம். பழைய தீ பாலிசில 30 நாளுக்கு மேல ஆள் இல்லாம கிடந்தா செல்லாதுன்னு ஒரு கண்டிஷன் இருந்துச்சு, அதுனால இப்ப வீடு பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும், வாட்ச்மேன் உண்டு, படைப்புக்கும் விசேஷத்துக்கும் மட்டும் கூடுவோம்னு எழுதிக் கொடுத்து அதுக்கு அவுககிட்ட எழுத்துலயே பதில் வாங்கி ஃபைல்ல வச்சுட்டேன். நடுவுல ஒரு பங்காளி சினிமா ஷூட்டிங்குக்கு ரெண்டு நாள் விட்டாரு, பெரிய பெரிய லைட்டை அந்தக் காலத்து வயரிங்ல மாட்டி ஃபியூஸ் போய் முகப்புல புகை வந்துச்சு, குடியிருப்புன்னு எடுத்த பாலிசி அது, வாடகைக்கு விட்டப்ப தீப்பிடிச்சிருந்தா என்ன பதில் சொல்றது. இனி எல்லாரையும் கேக்காம யாருக்கும் விடக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியாச்சு.

மாத்துறதே தப்புன்னு நான் சொல்லல. உன் பழைய கம்பெனிக்காரவுககிட்ட இவ்வளவு ஏத்துனதுக்குக் காரணம் கேட்டு எழுது, பெரில் க்ளெய்ம்னால ஏறுச்சா, ஊரு முழுக்க ஏறுச்சான்னு தெரியணும், டிடக்டிபிளை நடுவுல ஒரு இடத்துல வச்சா எவ்வளவு குறையும்னு கேளு. கூரையைப் புதுசாப் போட்டா டிஸ்கவுண்ட் உண்டான்னும் கேளு. மூணாவதா ஒரு கோட்டேஷன் வாங்கு, கூரைக்கு முழுச்செலவு தர்ற பாலிசிக்கு மட்டும். அப்படி ஒண்ணு குறைஞ்ச விலைக்குக் கிடைச்சா தாராளமா மாறு, ஆனா புதுசு ஆரம்பிச்ச தேதியைக் கையில வாங்கிட்டுத்தான் பழசை கேன்சல் பண்ணணும், ஒரு நாள் கூட இடைவெளி இருக்கக்கூடாது, லோன் கொடுத்த கம்பெனிக்கும் உடனே சொல்லிரு, சொல்லலேன்னா அவுகளே ஒரு பாலிசியை எடுத்து உன் தலையில கட்டிருவாக, அது இதை விட ரொம்ப விலை. கட்டுன பிரீமியத்துல மீதி நாளுக்கானது திரும்ப வரும், அதைக் கேட்டு வாங்கு.

படைப்பு அன்னைக்குப் பேசுனதுல எனக்குப் பெரிய நிம்மதி எதுன்னா, புள்ளிக்கு 4,000 வீதம் வருஷம் 36,000 ஓட்டுக்கும் கரையான் மருந்துக்கும் தனியா எடுத்து வைக்க ஒன்பது பேரும் ஒத்துக்கிட்டாக, இன்சூரன்ஸ் எதுக்குன்னு கேட்டவர்தான் முதல்ல ஜிபேல அனுப்புனார். கொத்தனார் சித்திரைல வர்றேன்னு சொல்லியிருக்கார், ரெண்டாங்கட்டு ஓடு பிரிச்சு அடுக்கணும். ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரைல ஈரம் இறங்குனா பூ வெளுத்துப் போகும்னு இவுக கவலைப்படுறாக, நாளைக்கு மழை விட்டா போய்ப் பாத்துட்டு வரணும்.

நீ தையில வர்றேன்னு சொன்னது உறுதிதானே. மூணாவது கோட்டேஷன் வந்தா நாலாவது பக்கத்தை மட்டும் முதல்ல போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உமையாள்